அசையாமல் படுத்திருந்தால் தூக்கமா?

"ராத்திரி பூரா பொட்டுத் தூக்கம் இல்லைம்மா" என்று அப்பா சொல்வார். "ஏழு மணி நேரம் பன்னிரண்டு நிமிஷம் தூங்கியிருக்கீங்க, இதோ பாருங்க" என்று நான் போனை நீட்டுவேன். எங்கள் வீட்டில் ஒரு வருஷம் ஓடிய சண்டை இது. அப்பாவின் 68-வது பிறந்தநாளுக்கு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்தவள் நான்தான், அதனால் வாட்ச் கட்சியிலும் நானே இருந்தேன்.

அப்பா ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். வீடு திருச்சி பொன்மலைப் பக்கம், கொல்லைக்கு அந்தப்புறம் ரயில் பாதை. ஒருநாள் காலை அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "ஏழு மணி நேரம் தூங்கினவனுக்கு, ரெண்டே முக்காலுக்கு கூட்ஸ் போனது எப்படித் தெரியும்?"

நான் சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க டேட்டாவோடு புரளும் எனக்கு அந்தக் கேள்வி உறுத்தியது. கடிகாரம் எதை வைத்து 'தூங்கினார்' என்று சொல்கிறது என்று தோண்ட ஆரம்பித்தேன். எட்டு மாதம் ஆனது. நான் சறுக்கிய இடங்களைத்தான் இங்கே அதிகம் எழுதப்போகிறேன். இதே வேலையில் இறங்குபவர்களுக்கு அவைதான் உதவும்.

கடிகாரத்துக்குள் இருப்பது ஆக்ஸிலரோமீட்டர், தமிழில் முடுக்கமானி. அரிசி மணி அளவுள்ள ஒரு சில்லு. மூன்று திசைகளிலும் அசைவை அளக்கும். கை அசையாமல் கிடந்தாலும் அது பூஜ்யம் காட்டாது, பூமியின் ஈர்ப்பு எப்போதும் அதன்மேல் இருக்கும் என்பதால் மொத்தம் 1 ஜி, அதாவது அந்த ஈர்ப்பின் முழு அளவைக் காட்டும். அந்த ஈர்ப்பு எந்தப் பக்கமாக விழுகிறது என்று பார்த்தால் கை எந்தச் சாய்வில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். எவ்வளவு அசைந்தது, எந்தக் கோணத்தில் கிடக்கிறது என்ற இந்த இரண்டிலிருந்துதான் 'தூக்கம்' என்ற முடிவு வருகிறது. நாடித்துடிப்பைப் பார்க்கும் பச்சை விளக்கெல்லாம் பின்னால் வந்து சேர்ந்தது.

இந்தத் துறைக்கு ஆக்டிகிராபி என்று பெயர். 1992-ல் கோல், கிரிப்கே குழுவினர் வெளியிட்ட சூத்திரம் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது. அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவ்வளவு எளிமை. முந்தைய நான்கு நிமிடம், இந்த நிமிடம், அடுத்த இரண்டு நிமிடம் ஆகிய ஏழு நிமிடங்களின் அசைவு எண்ணிக்கையை ஏழு எடைகளால் பெருக்கிக் கூட்டு. இந்த நிமிடத்துக்கு எடை 230, நான்கு நிமிடம் முந்தையதற்கு 106. கூட்டியதை ஆயிரத்தால் வகுத்து, ஒன்றுக்குக் கீழே வந்தால் தூக்கம். அவ்வளவுதான். 2015-ல் வான் ஹீஸ் என்பவரும் குழுவினரும் கொடுத்தது இன்னும் எளிது: கையின் கோணம் ஐந்து நிமிடமாவது 5 டிகிரிக்கு மேல் மாறாமல் இருந்தால் தூக்கம். பிரிட்டனில் சுமார் ஒரு லட்சம் பேர் கையில் ஒரு வாரம் கட்டி எடுத்த பயோபேங்க் டேட்டாவையே இந்த வழியில் அலசியிருக்கிறார்கள்.

அதாவது இரண்டுமே தூக்கத்தை அளக்கவில்லை. அசையாமையை அளந்து அதற்குத் தூக்கம் என்று பெயர் வைக்கின்றன. பகலெல்லாம் ஓடியாடி, படுத்ததும் அடித்துப்போட்டாற்போலத் தூங்குபவருக்கு இரண்டும் ஒன்றுதான். அப்பாவுக்கு இல்லை. பக்கத்தில் படுத்திருக்கும் அம்மா எழுந்துவிடக் கூடாதே என்று, விழிப்பு வந்தாலும் புரளாமல் விட்டத்தைப் பார்த்தபடி மரக்கட்டை மாதிரி கிடப்பார். கடிகாரத்தின் கணக்கில் அது பிரமாதமான தூக்கம்.

சரி, நாமே ஒரு மாடல், அதாவது டேட்டாவிலிருந்து தானே கற்றுக்கொண்டு தூக்கமா விழிப்பா என்று சொல்லும் புரோகிராம், செய்து பார்ப்போம் என்று இறங்கினேன்.

முதல் தடை டேட்டா. கடையில் விற்கும் பெரும்பாலான கடிகாரங்களின் ஆப் முடிவை மட்டுமே காட்டும், மூல அளவுகளைக் கொடுக்காது. நாமே புரோகிராம் எழுதிக்கொள்ளக்கூடிய திறந்த மென்பொருள் கடிகாரம் ஒன்றை வாங்கி, விநாடிக்குச் சுமார் 12 முறை அளந்து சேமிக்கும்படி செய்தேன். ஒரு ராத்திரிக்கு மூன்றரை லட்சம் வரிகள். இதைச் செய்யாமல் ஆப் தரும் 'தூக்க மதிப்பெண்'ணை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்வது, சமைத்த சாம்பாரைப் பார்த்து என்ன பருப்பு என்று கண்டுபிடிக்கிற வேலை.

முதல் வரைபடத்தைப் பார்த்ததும் தலை சுற்றியது. அப்பா மாலை 4.30-க்குப் படுத்து ராத்திரி 11.45-க்கு எழுந்திருக்கிறார்! போனில் சொன்னேன். "நைட் டூட்டி பார்த்த காலத்துலகூட நான் இப்படித் தூங்கினதில்லையே" என்றார். கடிகாரம் நேரத்தை உலகப் பொது நேரத்தில் எழுதியிருந்தது. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் இரவு 10-க்குப் படுத்து 5.15-க்கு எழுந்தது சரியாக வந்தது. கேட்டால் சின்ன விஷயம்தான். ஆனால் எது இரவு, எது பகல் என்பதை ஒரு குறிப்பாக மாடலுக்குக் கொடுப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு இந்தப் பிழை சத்தமே போடாமல் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். முதல் நாளே, தெரிந்த ஒரு நிகழ்வை வைத்துச் சரிபார்த்துவிடுங்கள். நான் இப்போது தினமும் காலை எழுந்ததும் அப்பாவைக் கடிகாரத்தை மூன்று முறை தட்டச் சொல்கிறேன், நேரத்தைக் குறித்துக்கொண்டு. வரைபடத்தில் மூன்று ஊசிகள் தெரியும்.

அடுத்தது, கழற்றி வைத்த நேரம். அப்பா குளிக்கப் போகும்போது கடிகாரத்தைக் கழற்றி சாமி அலமாரியில் வைப்பார். சில நாள் அப்படியே மறந்துவிட்டு, மார்க்கெட் போய் வந்த பிறகு எடுத்துக் கட்டுவார். முருகன் படத்துக்கு முன்னால் அது நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கும், வீட்டில் யாருக்கும் வாய்க்காத தூக்கம். தூங்கும் மனிதக் கைக்கும் கழற்றி வைத்த கடிகாரத்துக்கும் வித்தியாசம் உண்டு. மனிதன் எவ்வளவு ஆழ்ந்து தூங்கினாலும் இடையிடையே புரள்வான், விரல் துடிக்கும். அலமாரியில் இருப்பதோ மணிக்கணக்கில் ஒரே கோடு. நீண்ட நேரம் கோணம் இம்மியும் மாறாமல் இருந்தால் அந்தத் துண்டைத் தூக்கம் என்றும் எழுதாதீர்கள், விழிப்பு என்றும் எழுதாதீர்கள், 'தெரியாது' என்று தூக்கி வையுங்கள். 2023-ல், டேட்டா போட்டிகள் நடத்தும் கேகிள் தளத்தில் இதே பொருளில் ஒரு பெரிய போட்டி நடந்தது: ஐந்து விநாடிக்கு ஒருமுறை எடுத்த கை அசைவை வைத்து எப்போது தூங்கினார், எப்போது விழித்தார் என்று சொல்ல வேண்டும். அதில் கலந்துகொண்டவர்களுக்கும் இந்தக் கழற்றி வைத்த நேரம் பெரிய தலைவலிதான்.

இனி மாடல். இயந்திரம் கற்றுக்கொள்ள, சரியான விடை எழுதிய டேட்டா வேண்டும். 2019-ல் ஒலிவியா வால்ச் குழுவினர் மிச்சிகனில் 31 பேரை ஆய்வகத்தில் தூங்கவைத்து, கையில் ஆப்பிள் வாட்ச், தலையில் மின்முனைகள் இரண்டையும் வைத்து எடுத்த டேட்டா இலவசமாகக் கிடைக்கிறது. அதை இறக்கி, 30 விநாடித் துண்டுகளாக வெட்டி, அசைவின் அளவு, கோண மாற்றம், கடைசியாக அசைந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று இருபது சொச்சம் அம்சங்கள் எடுத்து, ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற வகை மாடலுக்குக் கொடுத்தேன்; நிறைய சின்னச் சின்ன முடிவு மரங்களிடம் ஓட்டெடுத்து விடை சொல்வது அது. துல்லியம் 96 சதவீதம். அன்றைக்கு ராத்திரி எனக்கே தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்.

மறுநாள் அலுவலகத்தில் ஒரு அண்ணன், புள்ளியியலில் பழம் தின்று கொட்டை போட்டவர், ஒரே ஒரு கேள்வி கேட்டார். "துண்டுகளைக் கலைச்சுப் போட்டுப் பிரிச்சியா, ஆளை வச்சுப் பிரிச்சியா?" டேட்டாவில் ஒரு பகுதியை மாடலின் பயிற்சிக்கும் மீதியைத் தேர்வுக்கும் என்று பிரிக்க வேண்டும். நான் கலைத்துப் போட்டிருந்தேன். அதாவது ஒரே ஆளின் 2.10 மணித் துண்டு பயிற்சியில், அடுத்த அரை நிமிடத் துண்டு தேர்வில். பக்கத்து பெஞ்சுக்காரனின் விடைத்தாளைப் பார்த்து எழுதுகிற மாதிரி. ஆளை வைத்துப் பிரித்து, ஒவ்வொருவரையும் முழுதாக வெளியே வைத்துச் சோதித்தேன். துல்லியம் தொண்ணூறுக்கு இறங்கியது. போகட்டும் என்று விட்டால், அவர் இன்னொன்றும் சொன்னார். எதையும் பார்க்காமல் எல்லாத் துண்டுக்கும் 'தூக்கம்' என்றே எழுதும் ஒரு புரோகிராமை ஓட்டிப் பார் என்று. ஓட்டினேன். என் மாடலுக்கும் அதற்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்.

படுக்கையில் இருக்கும் நேரத்தில் பெரும்பகுதி எப்படியும் தூக்கம்தானே. அதனால் இந்தத் துறையில் மொத்தத் துல்லியம் என்ற எண்ணுக்கு மதிப்பே கிடையாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: விழித்திருந்த துண்டுகளில் எத்தனையை விழிப்பு என்று பிடித்தது? தூக்கத்தைப் பிடிப்பதில் மணிக்கட்டுக் கருவிகள் 90 சதவீதத்தைச் சுலபமாகத் தாண்டும். விழிப்பைப் பிடிப்பதில்தான் பாதிக்குப் பாதி தடுமாறும், பல சமயம் அதற்கும் கீழே. விளம்பரத்தில் முதல் எண் மட்டும் இருந்தால் இரண்டாவதைக் கேளுங்கள்.

இன்னொரு வயிற்றெரிச்சல். அந்த 31 பேர் பெரும்பாலும் இளவயதினர், பெரிய தூக்கக் கோளாறு இல்லாதவர்கள். அவர்களிடம் கற்றுக்கொண்ட மாடலுக்கு என் அப்பா வேற்று கிரகவாசி. வயதானவர்களின் டேட்டா வேண்டுமென்றால் அமெரிக்காவின் மீசா ஆய்வில் சுமார் 2,000 பேருடையது இருக்கிறது, விண்ணப்பித்து வாங்க வேண்டும். வாங்கிச் சேர்த்தேன். ஓரளவு உதவியது. ஆனாலும் அப்பாவின் விடை அப்பாவிடம்தானே இருக்கும்?

அவரிடம் கேட்டதும் உற்சாகமாகிவிட்டார். நாற்பது வருஷம் ரயில் பதிவேட்டில் ஒவ்வொரு வண்டியின் நேரத்தையும் எழுதிய கை. ஒரு நீள நோட்டு எடுத்துக் கோடு போட்டு, தேதி, படுத்த நேரம், விழித்த நேரம், குறிப்பு என்று பத்திகள் பிரித்தார். நேரமெல்லாம் இருபத்துநாலு மணிக் கணக்கில். ரப்பர் கிடையாது. தப்பாக எழுதினால் மேலே ஒரு கோடு போட்டு அடித்து, சரியானதை எழுதி, பக்கத்தில் இனிஷியல். ரயில்வேயில் அதுதான் விதி, ரிஜிஸ்டரில் அழிப்பது குற்றம்.

இரண்டு வாரம் எழுதினார். அதை விடையாக வைத்து மாடலைப் பழக்கினேன். அபாரமாக வந்தது, விழிப்பை அப்படியே பிடித்தது. இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. விழித்ததும் அப்பா எழுந்து உட்கார்ந்து, விளக்கைப் போட்டு, கண்ணாடியைத் தேடி, நோட்டில் எழுதுகிறார். மாடல் கற்றுக்கொண்டது விழிப்பை இல்லை, நோட்டுப் போடுவதை! நோட்டு இல்லாத ராத்திரியில் ஓட்டினால் பழைய குருடி கதவைத் திறடி. நாம் அளக்கப் போன காரியமே அளவைக் கெடுத்த கதை. கடிகாரத்தில் பட்டனை அழுத்தச் சொன்னாலும் இதேதான் நடக்கும்.

அப்புறம் ஒரு வழி கிடைத்தது. தலைமாட்டில் ஒரு பழைய போனை ரெக்கார்டிங்கில் வைத்தோம். விழிப்பு வந்தால் அசையாமல் வாயால் மட்டும் சொல்ல வேண்டும். நேரம்கூட வேண்டாம், ரெக்கார்டிங்கில் தெரிந்துவிடும். ஆனால் அப்பா நேரத்தோடுதான் சொன்னார், சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து, மைக்கில் அறிவிப்பு செய்கிற தொனியில்: "ஒன்று ஐம்பது. முழிப்பு." முதல் ராத்திரி அம்மா அலறி எழுந்து, "யார்கிட்ட பேசறீங்க?" என்று கேட்டதும் அதில் பதிவாகியிருக்கிறது. மூன்று வாரம் ஓடியது. அம்மா நான்காம் நாளே தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார்.

இதில் எதிர்பாராமல் கிடைத்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ராத்திரியையே குடைந்துகொண்டிருந்த நான் ஒருநாள் 24 மணி நேரத்தையும் ஒரே வரைபடமாகப் போட்டேன், நாளுக்கு ஒரு வரி, ஒன்றின் கீழ் ஒன்றாக. மதியம் ஒன்றரை மணி நேரம் கருப்பாக ஒரு பட்டை. அது தெரிந்ததுதான், சாப்பாட்டுக்குப் பிறகு படுப்பார். மாலை ஏழரையிலிருந்து எட்டேகால் வரை இன்னொரு பட்டை, கிட்டத்தட்ட தினமும். அப்பா சத்தியம் செய்தார், "நான் நியூஸ் பாக்கறேன்". அம்மா அடுப்படியிலிருந்தே, "ஈஸி சேர்ல ரிமோட்டைப் பிடிச்சுக்கிட்டு குறட்டை விடறதுக்குப் பேர் நியூஸா?" என்றார். மாடல் எதுவும் தேவைப்படாத, வெறும் படம். எனக்கு மிகவும் பயன்பட்டது இதுதான். மாடலுக்கு முன்னால் ஒரு வாரத்தை இப்படி வரைந்து பாருங்கள்.

குறட்டை என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் டாக்டரிடம் போனோம். பகலில் உட்கார்ந்த இடத்தில் கண்ணயர்வது, பலத்த குறட்டை இரண்டையும் கேட்டதும் அவர் என் வரைபடங்களை மரியாதையாக ஓரமாக வைத்துவிட்டு, ஆய்வகத்தில் ஒரு ராத்திரி தூங்கிப் பார்க்க எழுதிக் கொடுத்தார். பாலிசோம்னோகிராபி. மண்டையில் பசை போட்டு மின்முனைகள், கண்ணோரம், தாடை, கால், மூக்கில் குழாய், நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டை, விரலில் ஆக்சிஜன் கிளிப். "ரிலே ரூம் மாதிரி ஆக்கிட்டாங்க" என்றார் அப்பா, உடம்பெல்லாம் ஒயரோடு. கெஞ்சி அனுமதி வாங்கி எங்கள் இரண்டு கடிகாரத்தையும் கையில் கட்டினேன். ஆய்வகக் கணினியின் நேரத்தைப் பார்த்து மூன்று தட்டு.

அங்கே ஒரு டெக்னீஷியன் திரையில் 30 விநாடி 30 விநாடியாகப் பார்த்து, விழிப்பா, எந்த நிலைத் தூக்கம் என்று குறிப்பார். ஏன் 30 விநாடி என்றால், அந்தக் காலத்தில் மூளை அலைகளைக் காகிதத்தில் வரைந்தார்கள். விநாடிக்கு 10 மில்லிமீட்டர் ஓடும் காகிதத்தில் ஒரு பக்கம் 30 விநாடி. காகிதம் போய்விட்டது, கணக்கு நிற்கிறது. இப்படிக் குறிப்பதிலும் நிபுணருக்கு நிபுணர் மாறும், 2013-ல் வந்த ஒரு ஆய்வில் ஒத்துப்போனது ஏறத்தாழ 83 சதவீதம்தான். ஆகவே மூளை அலையையே பார்க்காத ஒரு கைக்கடிகாரம், 'ஆழ்ந்த தூக்கம் 1 மணி 14 நிமிடம்' என்று நிமிட சுத்தமாகச் சொன்னால் நான் ரசித்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

காலையில் அப்பாவைக் கேட்டேன். "ரெண்டு மணி நேரம் தூங்கியிருந்தா அதிகம்." கடையில் வாங்கிய கடிகாரம் 6 மணி 50 நிமிடம் என்றது. ஆய்வக அறிக்கையில் 4 மணி 35 நிமிடம்.

ஏழரை மணி நேரம் என்றால் 900 துண்டுகள். அதில் விழிப்பு 350. கடைக் கடிகாரம் பிடித்தது 70. என் மாடல், நாடித்துடிப்பையும் சேர்த்துக் கொடுத்த பிறகு, 160 பிடித்தது. ஆனால் தூங்கிய துண்டுகளில் 60-ஐ அநியாயமாக விழிப்பு என்று எழுதியது. ஒன்றை இறுக்கினால் இன்னொன்று நழுவும். எந்தப் பக்கம் தப்பு செய்தால் நமக்குப் பரவாயில்லை என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டுதான் வரம்பை வைக்க வேண்டும்.

அறிக்கையின் அடுத்த பக்கம்தான் முக்கியம். மணிக்கு 22 முறை மூச்சு தடைபட்டிருக்கிறது. தூக்கத்தில் இப்படி மூச்சு தடைபடுவதற்கு ஸ்லீப் ஆப்னியா என்று பெயர், 15-லிருந்து 30 வரை நடுத்தர அளவு. எட்டு மாதம், லட்சக்கணக்கான வரிகள், என்னிடம் இருந்த கை அசைவு டேட்டாவில் இதற்கான தடயம் எதையும் நான் பார்க்கவில்லை. பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் கடிகாரம் என்ன சொன்னாலும் நேராக டாக்டரிடம் போங்கள். நான் அப்பாவை அரை வருஷம் தாமதப்படுத்தியிருக்கிறேன், மாடல் செய்கிறேன் என்று.

இப்போது, மூச்சு தடைபடாமல் காற்றை அழுத்தி அனுப்பும் மாஸ்க் போட்டுக்கொண்டு தூங்குகிறார். முதல் பத்து நாள் பிடுங்கிப் போட்டார், அப்புறம் பழகிவிட்டது. கடிகாரமும் கையில் இருக்கிறது, ஆனால் ஒரு ராத்திரியின் எண்ணை நான் பார்ப்பதில்லை. வாரச் சராசரி, படுக்கும் நேரம் எவ்வளவு தள்ளாடுகிறது, ஈஸி சேர் பட்டை இருக்கிறதா என்பவை மட்டும். காலையில் எழுந்ததும் மதிப்பெண்ணைப் பார்த்து அதற்காகவே தூக்கம் கெடுகிறவர்கள் இருக்கிறார்கள், 2017-ல் அதற்கு ஆர்த்தோசோம்னியா என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

தலைமாட்டு ரெக்கார்டிங்குகளில் அப்பா பேசிய இடங்களை மட்டும்தான் அப்போது வெட்டி எடுத்திருந்தேன். ஆய்வக அறிக்கை வந்த பிறகு முழுதாகக் கேட்டேன். ஒன்பதாம் ராத்திரி: "ஒன்று ஐம்பது. முழிப்பு." அடுத்து, "நாலு பத்து. இன்னும் முழிச்சுத்தான் இருக்கேன்." அவர் சொன்னபடியே நோட்டிலும் 01.50 முதல் 04.10 வரை விழிப்பு என்று காலையில் ஏற்றியிருந்தார், நானும் அப்படியே மாடலுக்குக் கொடுத்திருந்தேன். ரெக்கார்டிங்கில் ரெண்டே முக்கால் வாக்கில் கூட்ஸ் வருகிறது. ஹாரன், பிறகு நீளமாகத் தடதடப்பு, நான்கு நிமிடம். அது முழுக்க, அதற்கு முன்னும் பின்னும், அப்பாவின் குறட்டை.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது போட்டுக் காட்டினேன். ஒருமுறை கேட்டார். திரும்பப் போடச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "லோடு வண்டி" என்றார், வேறெதுவும் சொல்லவில்லை. எழுந்து போய் நோட்டை எடுத்துவந்து, அந்தத் தேதியைத் தேடி, ஸ்கேலை வைத்து அந்த வரியின் மேல் ஒரு கோடு போட்டார். மேலே சின்ன எழுத்தில் '02.45 கூட்ஸ் - கவனிக்கவில்லை' என்று எழுதி, பக்கத்தில் இனிஷியல் போட்டார்.